தீப்பொறி வந்த வழி

மோட்டார் வண்டியை முழுதாக வாங்காமல், அதன் உறுப்புகளைப் பெட்டிகளில் வாங்கி வந்து, வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டி முடித்து ஓட்டும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் பரவிற்று. விளையாட்டு வண்டிகளின்மேல் இளைஞர் கொண்ட மோகம் இதற்கு ஒரு காரணமென்றால், வரி மற்றொரு காரணம். போர்க்காலத்தில், 1940-ஆம் ஆண்டில், விதிக்கப்பட்ட கொள்முதல் வரி போர் முடிந்த பின்னும் நீங்கவில்லை. பூட்டி முடித்த புதிய கார் மீது அது பெருஞ்சுமையாக ஏறிற்று. உறுப்புகளாக விற்கப்பட்ட வண்டிக்கோ அச்சுமை இல்லை. காலின் சாப்மன் என்பவர் நிறுவிய லோட்டஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட ‘செவன்’ என்னும் சிறிய இருவர் வண்டி, இவ்வகையில் விற்கப்பட்டவற்றுள் பெரும்புகழ் பெற்றது. உறுப்புகளோடு பூட்டும் முறையை விளக்கும் குறிப்பு எதுவும் சேர்த்துத் தரலாகாது என்று வரிச்சட்டம் தடுத்ததாம். பிரிக்கும் முறையை விளக்கலாகாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆகவே நிறுவனத்தார் பிரிக்கும் குறிப்பைக் கொடுத்தனர் என்றும், வாங்கியவர் அதனைக் கடைசி வரியிலிருந்து முதல் வரி நோக்கிப் படித்து வண்டியைப் பூட்டிக்கொண்டனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. வரித்துறையின் சொற்களை எழுத்தெண்ணிப் படிப்பவர் எந்நாட்டிலும் உண்டு போலும்.

அத்தகைய கொட்டகை ஒன்றை நாம் மனக்கண்ணில் காண்போம். எஃகுக் குழாய்ச் சட்டம் நிற்கிறது; சக்கரங்கள் ஏறிவிட்டன. பழைய போர்டு காரிலிருந்து கழற்றிய நான்கு சிலிண்டர் எஞ்சின் முன்புறத்தில் அமர்ந்திருக்கிறது. பெட்ரோல் வருகிறது, காற்றும் கலக்கிறது. உரிமையாளர் விசையை அழுத்துகிறார். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் உயிர் பெறவில்லை. ஒரு முறை கார்புரேட்டர் வழியே தும்முகிறது. பிறகு அதுவும் இல்லை. பல மாதம் உழைத்தவரை இவ்விடத்தில் நிறுத்திவிடுவது எடை மிகுந்த உறுப்பு எதுவுமன்று. கைக்குள் அடங்கும் கிண்ணம் ஒன்றும், அதனருகே ஒரு சுருளும், சில கம்பிகளுமே. அக்கிண்ணத்துக்குள் ஒரு நூற்றாண்டின் முயற்சி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதனைப் பிரித்துப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சினுக்குள் நெருப்பிடும் இச்செயலுக்கு ‘எரியூட்டல்’ என்று ஒரு கலைச்சொல் உண்டு. இலக்கணத்தில் குற்றமில்லை, ஆயினும் தமிழ்க் காதுக்கு அச்சொல் சுடுகாட்டையே நினைவூட்டும். உயிர் கொடுக்கும் செயலுக்கு அது பொருந்தாதென்று கருதி, அடுப்பங்கரையில் வழங்கும் ‘பற்றவைத்தல்’ என்னும் சொல்லையே நாம் எடுத்துக்கொண்டோம்.

மைக்கேல் பாரடே 1831-இல் கண்ட உண்மையே இதற்கெல்லாம் வித்து. காந்தப் புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மாற்றம் எவ்வளவு விரைவோ அவ்வளவுக்கு அழுத்தமும் உயரும். இதனைக் கொண்டு, பாரிஸ் நகரில் கருவி செய்து வாழ்ந்த ஜெர்மானியரான ரூம்கார்ப் என்பவர் 1850-களில் சிறந்த தூண்டு சுருள்களைச் செய்தார். தடித்த கம்பி சில சுற்றுகளும், மயிரிழை போன்ற மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுகளும் ஓர் இரும்பு நடுவத்தின் மேல் அமைந்தது அது. தடித்த கம்பியில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று அறுத்தால், மெல்லிய கம்பியின் முனையில் தீப்பொறி தாவும். ஆனால் அறுக்கும் இடத்திலேயே ஒரு பொறி எழுந்து, மின்சாரம் உடனே நிற்காமல் இழுபட்டது. அதனால் பயன் குறைந்தது. அவ்விடத்துக்குக் குறுக்கே ஒரு மின்தேக்கியை வைத்தால் இழுபறி தீரும் என்று 1853-இல் காட்டியவர் பீசோ என்னும் பிரெஞ்சு அறிஞர். ஒளியின் வேகத்தைப் பற்சக்கரம் ஒன்றைச் சுழற்றி 1849-இல் அளந்தவரும் இவரே. ‘கண்டென்சர் போய்விட்டது’ என்று நம் பட்டறைகளில் கழற்றி எறியப்படும் விரலளவு உருளை, ஒளியை அளந்த மனிதர் சேர்த்த உறுப்பு என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்!

லெனுவா என்பவர் 1860-இல் பாரிஸில் அமைத்த வாயு எஞ்சின் ரூம்கார்ப் சுருளைக் கொண்டே நெருப்பிட்டது. எனினும், அடுத்து வந்தோர் எல்லாரும் அவ்வழியில் செல்லவில்லை. ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் மின்சாரத்தை நம்பாமல், சிலிண்டரின் பக்கத்தில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, அதனை வெளியிலிருந்து சுடரால் பழுக்கக் காய்ச்சினார். பிஸ்டன் கலவையை அழுத்தும்போது அது அக்குழாய்க்குள் புகுந்து பற்றிக்கொள்ளும். எளிய முறை, ஆனால் எப்போது பற்றவேண்டும் என்பதை ஓட்டுநர் ஆள இயலாது. அன்றியும் பெட்ரோல் தொட்டிக்கு அருகே எரியும் சுடரோடு சாலையில் செல்வது எத்தகைய துணிவு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கார்ல் பென்ஸ் மின்பொறியையே பற்றினார். 1886-ஆம் ஆண்டு சனவரி 29-ஆம் நாள் அவர் காப்புரிமை கோரிய மூன்று சக்கர வண்டியில் மின்கலமும் அதிரும் சுருளும் இருந்தன. மோட்டார் வண்டியின் சிக்கல்களுள் தலையாயது பற்றவைத்தலே என்பது அவர் கருத்து. அவர் துணைவியார் பெர்த்தா, 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமலே இரு மைந்தரையும் அழைத்துக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அவ்வகை வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் மின்கம்பியின் உறை தேய்ந்தபோது தம் காலுறைப் பட்டையைக் கழற்றிச் சுற்றிக் காப்பிட்டார் என்பர். உலகின் முதல் நெடும்பயணத்திலேயே வழியில் செப்பனிட நேர்ந்தவற்றுள் ஒன்று பற்றவைக்கும் கம்பி!

மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதே பென்ஸ் முறையின் குறை. அக்குறை நீக்கியது மாக்னெட்டோ. நிலைக்காந்தமும் சுருளும் சேர்ந்து, எஞ்சின் சுழலும் விசையாலேயே தனக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும் கருவி அது. ராபர்ட் போஷ் என்பவர் 1886 நவம்பரில் ஸ்டுட்கார்ட்டு நகரில் ஒரு சிறு பட்டறை திறந்தார். அடுத்த ஆண்டே ஒருவர் கேட்டதற்கிணங்க, நிலையான எஞ்சின் ஒன்றுக்கு மாக்னெட்டோ செய்து கொடுத்தார். மெதுவாகச் சுழலும் அவ்வகை எஞ்சினுக்கு அது போதுமானதாயிருந்தது. 1897-இல் பிரடெரிக் சிம்ஸ் என்னும் ஆங்கில வணிகர், விரைந்து சுழலும் டி டியோன் மூன்று சக்கர வண்டியின் எஞ்சினுக்கு அதனைப் பொருத்தித் தரக் கேட்டார். கனத்த சுருளை அவ்வேகத்தில் முன்னும் பின்னும் ஆட்ட இயலவில்லை. சுருளை நிற்கவிட்டு, அதனைச் சுற்றி இலேசான இரும்புக் கூடு ஒன்றை மட்டும் அசைக்கலாம் என்று போஷ் பட்டறையின் தலைமைத் தொழிலாளர் வழி கண்டார். 1902-இல் அப்பட்டறையின் காட்லோப் ஹோனால்ட், உயர் அழுத்தத்தை மாக்னெட்டோவிலேயே உண்டாக்கித் தீப்பொறிப் பிளக்குக்கு நேரே அனுப்பும் அமைப்பை முடித்தார். போட்டி வண்டிகள், பாரவண்டிகள், பின்னர் விமானங்கள் அனைத்தும் அதனை ஏற்றன.

இவ்வெற்றியின் மறுபக்கம் 1914 ஆகஸ்டில் தெரிந்தது. ஜெர்மனியோடு போர் மூண்டபோது, பிரிட்டனின் பாரவண்டிகளிலும் விமானங்களிலும் இருந்த மாக்னெட்டோக்களுள் மிகப் பெரும்பாலானவை ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்தவை என்பதை அந்நாட்டார் உணர்ந்தனர். கப்பல் கட்டவும் பீரங்கி வார்க்கவும் வல்ல ஒரு பேரரசு, உள்ளங்கையில் ஏந்தத்தக்க ஒரு பொருளுக்குப் பகைவரையே நம்பி இருந்தது! நுண்ணிய கம்பி, அதன்மேல் பூசும் காப்பு, நல்ல காந்த எஃகு ஆகிய எதனையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ள முடியாது. உள்நாட்டில் மாக்னெட்டோ செய்த தாம்சன்-பென்னட் என்னும் பர்மிங்ஹாம் நிறுவனத்தை, விளக்குச் செய்து வந்த ஜோசப் லூக்காஸ் நிறுவனம் 1914-இல் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிரிட்டிஷ் பற்றவைப்புத் தொழில் வளர்ந்தது இவ்வாறு போரின் நெருக்கடியில்தான். பின்னாளில் லோட்டஸ் கொட்டகைகளுக்கு வந்த பழைய எஞ்சின்களின் பக்கவாட்டில் லூக்காஸ் என்னும் பெயர் பொறித்த கிண்ணம் இருந்ததற்குத் தொடக்கம் அதுவே.

ஆனால் அக்கிண்ணம் மாக்னெட்டோ அன்று. அதன் தலைமுறை அமெரிக்காவில் தொடங்குகிறது. ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில், கடைகளில் பணம் பெறும் பொறிகள் செய்யும் நிறுவனத்தில் பணிபுரிந்த சார்லஸ் கெட்டரிங், நண்பர் எட்வர்டு டீட்ஸ் வீட்டின் பின்னாலிருந்த களஞ்சியக் கொட்டகையில் ஓய்வு நேரங்களில் ஆராய்ந்தார். பொறிகளை மழையாகப் பொழியும் அதிர்சுருள் மின்கலத்தை வீணே உறிஞ்சுவதை அவர் கண்டார். ஒவ்வொரு வெடிப்புக்கும் வலுவான ஒரே பொறி போதும் என்பது அவர் துணிபு. அவ்வமைப்பைக் காடிலாக் நிறுவனம் தன் 1910-ஆம் ஆண்டு வண்டிகளில் ஏற்றது. மின்சாரத்தால் எஞ்சினைச் சுழற்றித் தொடங்கும் கருவியையும் கெட்டரிங்கே செய்ய, 1912-ஆம் ஆண்டு காடிலாக்கில் அது வந்தது. அதன்பின் டைனமோவும் வலிய பாட்டரியும் வண்டியின் நிலையான உறுப்புகளாயின. மின்கலம் தீரும் என்ற பழைய அச்சம் நீங்கிற்று. கார்களிலிருந்து மாக்னெட்டோ படிப்படியாக விலகிற்று. பாட்டரி செத்தாலும் வானில் எஞ்சின் நிற்கக்கூடாது என்பதால், பிஸ்டன் விமானங்களில் அது நிலைத்தது.

கெட்டரிங்கும் டீட்ஸும் நிறுவிய ‘டேட்டன் எஞ்சினியரிங் லாபரட்டரீஸ் கம்பெனி’ என்பதன் முதலெழுத்துகள் சேர்ந்து ‘டெல்கோ’ ஆயிற்று. தில்லியிலோ கொல்கத்தாவிலோ மும்பையிலோ நம்மவர் ஒருவர் தம் பழைய அம்பாசடரைத் தெருவோரப் பட்டறைக்குக் கொண்டு சென்றிருந்தால், ‘டெல்கோவைப் பார்க்கவேண்டும்’ என்று மெக்கானிக் சொல்லக் கேட்டிருப்பார். பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் கிண்ணத்துக்கு அப்பெயர். எந்த நிறுவனம் செய்திருந்தாலும் பெயர் டெல்கோவே. லூக்காஸ் நிறுவனமும் டி.வி.எஸ். நிறுவனத்தாரும் 1961-இல் கூட்டாகத் தொடங்கிச் சென்னையை அடுத்த பாடியில் நடத்திய தொழிற்சாலையின் பொருளாயினும் சரி, பட்டறைப் பையன் அதனைத் தூக்கிவரும்போது டெல்கோ என்றே அழைத்தான். பர்மிங்ஹாமும் டேட்டனும் பாடியும் அவன் ஒரு சொல்லில் கூடின.

இனி நம் கொட்டகைக்குத் திரும்புவோம். எஞ்சின் ஏன் பற்றவில்லை?

முதலில் ஐயுறவேண்டியது காலம். நான்கு அடிப்பு எஞ்சினில், வேலை ஒரு சுற்று முடிவதற்குள் பிஸ்டன் இரு முறை உச்சிக்கு வருகிறது. ஒரு முறை கலவையை அழுத்திக்கொண்டு. மற்றொரு முறை எரிந்த புகையை வெளியேற்றிக்கொண்டு. முன்பக்கக் கப்பியிலுள்ள குறி இரு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அது பொய் சொல்வதில்லை, பாதி உண்மை சொல்கிறது. புகை வெளியேறும் உச்சியை அழுத்தும் உச்சியென்று கொண்டு டெல்கோவைப் பொருத்தினால், பொறி சரியாகத் தாவும். ஆனால் வெற்றுச் சிலிண்டரில் தாவும். தும்மலும் புகைபோக்கியில் வெடிச்சத்தமுமே மிஞ்சும். இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டா. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றித் துளையின்மேல் கட்டைவிரலை வைத்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றவேண்டும். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும் உச்சியே உண்மையான உச்சி. பிறகு நான்கு கம்பிகளின் வரிசை. அக்கால ஆங்கிலப் போர்டு எஞ்சினில் 1, 2, 4, 3 என்பது முறை, பி.எம்.சி. நிறுவனத்தின் ஏ வகை எஞ்சினில் 1, 3, 4, 2. ‘செவன்’ வண்டி இரு வகை எஞ்சினோடும் விற்கப்பட்டதாகையால், நண்பர் வண்டியைப் பார்த்துக் கம்பி மாட்டியவர் ஏமாறியிருப்பர்.

அடுத்தது நிலத்தொடர்பு, பட்டறை மொழியில் எர்த். சாதாரணக் காரில் உலோக உடலே மின்சாரம் திரும்பும் வழி. உறுப்புகளாக வந்த வண்டியிலோ சில பகுதிகள் கண்ணாடி இழையால் ஆனவை. சட்டத்தின் மேல் வண்ணம் பூசப்பட்டிருக்கும். எஞ்சின் ரப்பர் மெத்தையில் அமர்ந்திருக்கும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே தடித்த செப்புப் பின்னல் ஒன்றைப் பூட்ட மறந்தால், தொடக்க மோட்டார் இழுக்கும் பெருமின்சாரம் வேறு வழியின்றிக் கார்புரேட்டரின் இழுகம்பி வழியே திரும்பிப் பாயும். பற்றவேண்டியது சிலிண்டருக்குள், புகைவதோ அக்கம்பி!

முனைமாற்றம் என்பது நுட்பமான பிழை. 1960-களின் நடு வரை பல ஆங்கில வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே எர்த்துடன் இணைந்திருந்தது. பின்னர் எதிர்முனைக்கு மாறினர். பழைய எஞ்சினும் புதிய கருவிகளும் கலந்த வண்டியில் சுருளின் இரு முனைகள் மாறிவிட்டாலும் பொறி வரும். ஆனால் தளர்ந்து வரும். சூடேறிய நடுமுனையிலிருந்து மின்னணுக்கள் எளிதில் கிளம்பும். அம்முனை எதிர்மின்னாக இருந்தால்தான் குறைந்த அழுத்தத்தில் பொறி தாவும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், ஏற்றத்தில் மட்டும் திணறும். காரணம் தெரியாமல் கார்புரேட்டரைப் பிரிப்பவர்களே மிகுதி.

எஞ்சின் ஓடிய பின்னும் வேலை முடிவதில்லை. உண்மையான ஆபத்து அதன்பின்தான். கலவை ஒரே நொடியில் வெடிப்பதன்று. சுடர் பரவச் சிறிது காலம் வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சின், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் 18 பாகை திரும்பிவிடுகிறது. ஆகவே வேகம் ஏற ஏற, உச்சிக்கு முன்னரே பொறியை முற்படுத்தவேண்டும். பழைய வண்டிகளில் ஓட்டுநர் கைப்பிடி ஒன்றால் இதனைச் செய்தார். பின்னர் டெல்கோவின் அடியில் இரு சிறு எடைகள் சுழல்வேகத்தால் விரிந்து, வில்லை இழுத்து, தாமே முற்படுத்தின. உள்ளிழுக்கும் காற்றின் வெற்றழுத்தத்தால் இயங்கும் சிறு பெட்டியொன்று சுமைக்கேற்பத் திருத்திற்று. அவ்வில்லின் வலியும் எடைகளின் அளவும் குடும்பக் காருக்கென்று கணக்கிடப்பட்டவை. விளையாட்டு வண்டிக்காரரோ காமைத் தீட்டுகிறார், அழுத்த விகிதத்தை உயர்த்துகிறார், இரட்டைக் கார்புரேட்டர் பூட்டுகிறார். வெற்றழுத்தக் குழாயை மாட்ட இடமே இல்லாமற் போகிறது. பழைய டெல்கோ தன் பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும். பொறி பிந்தினால் எஞ்சின் சூடேறிச் சோர்வுறும். அளவுமீறி முந்தினால் பித்தளைக் குடத்தில் கூழாங்கல் குலுங்குவதுபோல் ஓர் ஒலி எழும். அதனைக் கேட்டும் கேளாததுபோல் முடுக்கினால் அலுமினிய பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். 660 பாகைச் செல்சியசில் உருகும் உலோகம் அது.

வேகத்துக்கு இன்னோர் எல்லையும் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது பொறி நொடிக்கு 200. அதாவது ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடி. அதற்குள் ‘பாயிண்ட்’ என்னும் தொடுமுனைகள் மூடி, சுருளில் மின்சாரம் நிரம்பி, மீண்டும் திறக்கவேண்டும். அதற்கு மேல் முனைகள் துள்ளத் தொடங்கும். டிரான்சிஸ்டர் வந்து இத்தொல்லையைத் தீர்த்தது. 1970-களில் அமெரிக்கக் கார்களில் தொடுமுனையில்லாப் பற்றவைப்பு பொதுவாயிற்று. இன்றைய எஞ்சின்களில் டெல்கோவே இல்லை. சுழலும் பற்சக்கரத்தைக் காந்த உணர்கருவி எண்ண, கணினி நேரம் குறிக்க, ஒவ்வொரு பிளக்குக்கும் தனிச் சுருள் நெருப்பிடுகிறது. ஆயினும் சுருளின் மின்சாரத்தைத் திடீரென அறுப்பது என்னும் செயல் ரூம்கார்ப் காலத்ததே.

இங்கிலாந்தில் கொள்முதல் வரி 1973-இல் ஒழிந்து, மதிப்புக்கூட்டு வரி வந்தது. பெட்டியில் வாங்குவதால் கிடைத்த பழைய சலுகை மறைந்தது. அவ்வாண்டே செவன் வண்டியின் உரிமையைக் கேட்டர்ஹாம் நிறுவனம் பெற்றது. வரி ஆதாயம் போன பின்னும் மக்கள் அதனைப் பெட்டிகளிலேயே வாங்கிப் பூட்டிவந்தனர்.

நம் கொட்டகைக்காரரும் கட்டைவிரலால் உச்சியைக் கண்டார். 12 வோல்ட்டுச் சிறு விளக்கு ஒன்றின் ஒரு கம்பியைச் சுருளிலிருந்து தொடுமுனைக்குச் செல்லும் முனையிலும், மற்றதை எர்த்திலும் இணைத்தார். சாவியைத் திருப்பினார். தொடுமுனைகள் மூடியிருக்கும் வரை விளக்கு எரியாது. திறக்கும் கணத்தில் எரியும். டெல்கோவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். விளக்கு எரிந்தது. அவ்விடத்திலேயே அதனை நிறுத்தித் திருகாணியை இறுக்கி, மூடியை மாட்டி, விசையை அழுத்தினார்.